விண்ணப்பத்தில் விடுபடும் முதியவர்

முதியோர் பற்றிய மருத்துவ ஆய்வுக்கு அறக்கட்டளையிடம் நிதி கேட்டு வரும் விண்ணப்பத்தில் முதலில் புரட்ட வேண்டியது, யாரையெல்லாம் சேர்க்கமாட்டோம் என்று எழுதியிருக்கும் பக்கத்தை. தலைப்பில் முதியோர் இருப்பார்கள். உள்ளே போனால் 75 வயதைத் தாண்டியவர், ஐந்தாறு மருந்து சாப்பிடுபவர், சிறுநீரகம் தளர்ந்தவர், மறதிநோய் உள்ளவர் எல்லோரும் வெளியே. மிஞ்சுவது திடமான 68 வயதுக்காரர். நாளை அந்த மருந்தை விழுங்கப்போவது பெரும்பாலும் அவரல்ல.

வயதானவர்களை வைத்து ஆய்வு நடத்தவே முடியாது என்பது சாக்கு. 2008இல் முடிவு வெளியான ஹைவெட் (HYVET) என்ற இரத்த அழுத்த மருந்து ஆய்வில் 3,845 பேர்; அனைவரும் 80 வயதோ அதற்கு மேலோ. நிதி தந்தவர்களில் பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளையும் உண்டு. அந்த வயதில் இரத்த அழுத்தத்தைக் குறைப்பது நல்லதா என்று மருத்துவர்கள் தயங்கிய காலம் அது. மருந்து எடுத்தவர்களிடம் இறப்பு 21 சதவீதம் குறைந்தது. அதிலும் மறதிநோய் உள்ளவர்களைச் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அடுத்து பட்ஜெட். பெரும்பாலான ஆய்வுகள் சறுக்குவது இங்கேதான். 200 பேர் கடைசிவரை வேண்டும், 20 சதவீதம் பேர் இடையில் விலகலாம் என்றால், 240 பேரைச் சேர்ப்போம் என்று எழுதிவிடுகிறார்கள். 240இல் 20 சதவீதம் போனால் மீதி 192தான். 200ஐ 0.8ஆல் வகுக்க வேண்டும், 250 வரும். விலகுவோர் பெரும்பாலும் மிகத் தளர்ந்தவர்கள் என்பதால் முடிவும் ஆரோக்கியமானவர்கள் பக்கம் சாயும். அவர்களைத் தக்கவைக்க என்ன செலவாகும் என்று பார்த்தால் அதற்கு ஒரு வரிகூட இருக்காது. வண்டிக் கூலி, துணைக்கு வருபவரின் கூலி, வீட்டுக்கே போய் அளவெடுக்கும் செவிலியரின் நேரம், மூன்று மணி நேரச் சோதனையை இரண்டு நாளாகப் பிரிப்பதற்கான பணம் எல்லாம் முதலிலேயே பட்ஜெட்டில் இருக்க வேண்டும். இரண்டாண்டு ஆய்வில் சிலருக்கு நடுவில் நினைவு மங்கும். அப்போது யாரிடம் ஒப்புதல் கேட்பது என்பதும் தொடக்கத்திலேயே தெளிவாக வேண்டும். பிறகு நெறிமுறைக் குழுவிடம் திருத்தத்துக்குப் போனால் மாதங்கள் ஓடிவிடும்.

எதை அளப்பது? இரத்தக் குறியீடுகளை அடுக்கும் விண்ணப்பத்தைவிட நடைவேகத்தை அளப்பது, விண்ணப்பங்களைப் படித்து நிதி தரும் எங்களுக்குப் பிடிக்கும். 4 மீட்டர் தரை, ஒரு ஸ்டாப்வாட்ச் போதும். வழக்கமான வேகத்தில் நடக்க 5 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், அதாவது விநாடிக்கு 0.8 மீட்டரைத் தாண்டாவிட்டால், மெதுநடை. நின்ற இடத்திலிருந்து கிளம்புகிறாரா, நடந்துகொண்டே கோட்டைத் தாண்டுகிறாரா என்று தீர்மானித்து எல்லா மையங்களிலும் ஒன்றையே பின்பற்ற வேண்டும். இல்லையேல் எண்களை ஒப்பிட முடியாது.

சிறிய அறக்கட்டளையின் பணம், பெரிய ஆய்வை நடத்த முடியுமா என்று பார்க்கும் முன்னோட்ட ஆய்வுக்கே சரி. 40 பேரை வைத்து மருந்து பலித்ததா என்று கேட்கக் கூடாது. அழைத்தவர்களில் எத்தனை பேர் சம்மதித்தார்கள், எத்தனை பேர் கடைசிவரை நின்றார்கள், விலகியவர் ஏன் விலகினார் என்பதே கேள்வி. இரண்டாம் தவணையை விடுவிக்குமுன் அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கினால் போதும்.