கோயில் கூரைக்கு ஒரு புல்

நீலகிரியின் மேல்மலையில் புல்வெளி மீட்பு வேலைக்குச் சேர்ந்தபோது, எங்கள் அறிக்கைப் படிவத்தில் 'நடப்பட்ட மரக்கன்றுகள்' என்று ஒரு கட்டம் இருந்தது. எங்கள் வேலையோ மரத்தை எடுப்பது. நிதி தருகிறவர்களுக்கு மரம் சட்டென்று புரிந்துவிடுகிறது, புல் புரிவதில்லை. இன்றுவரை என்னை அதிகம் வருத்துவது இதுதான்.

ஊட்டிக்கு மேற்கே, 2,000 மீட்டருக்கு மேல், இந்த மலை இயல்பிலேயே புல்வெளி. மலை மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு, தாழ்ந்த இடங்களில் சதுப்பு. வெள்ளைக்காரர்களின் கண்ணுக்கு இது தரிசாகத் தெரிந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை என்கிற வாட்டில் மரத்தையும், கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸையும் கொண்டுவந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும், தோல் பதனிடும் பட்டைக்கென்றும் மரக்கூழுக்கென்றும் மலை மலையாக நட்டார்கள். இந்த மலையின் பழங்குடிகளான தோடர்களின் எருமைகள் மேய்ந்த நிலம் அப்படித்தான் போயிற்று.

சீகையை வெட்டிச் சாய்த்தால் வேலை முடிந்தது என்று நினைக்கக்கூடாது. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரம் விழுந்து வெயில் பட்டதும் கீரைப் பாத்தி போல முளைத்து வரும். மழை முடிந்த ஈர மண்ணில், வேர் அறாமல், கையால்தான் பிடுங்க வேண்டும். அடுத்த வருடமும் பிடுங்க வேண்டும்.

எங்கே தொடங்குவது என்று பேச்சு வந்தது. நாங்கள் சரிவின் உச்சியிலிருந்து கட்டம் போட்டு வரைபடம் தயாரித்திருந்தோம். எங்களோடு வந்த தோடர் பெரியவர் அதைப் பொறுமையாகப் பார்த்தார். அப்புறம் நேராகச் சதுப்புக்கு இறங்கிப் போனார்.

"தம்பி, மொதல்ல இங்க தண்ணி நிக்கணும். தண்ணி நின்னாத்தான் கோயிலுக்குப் புல்லு" என்றார்.

தோடர் கோயில்களின் கூரை வேய்வதற்கென்று சதுப்பில் வளரும் ஒரு புல் உண்டு. தாவரவியலில் அதன் பெயர் எரியோகிரைசிஸ் ரங்காச்சாரி. முத்தநாடு மந்தின் (மந்து என்பது தோடர் குடியிருப்பு) கூம்புக் கோயிலைப் பார்த்தவர்களுக்குக் கூரைவேலையின் நேர்த்தி தெரிந்திருக்கும். சதுப்புகள் வற்றியும் காய்கறித் தோட்டங்களாக மாறியும் போனதால், அந்தப் புல்லைத் தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது. பெரியவர் ஒரு புல்தாளை உருவி, அடியிலிருந்து நுனிவரை விரலால் நீவினார். மெல்ல வளைத்துப் பார்த்தார். பாதியிலேயே மடிந்தது. சீகை நிழலில் வளர்ந்தது என்று சொல்லிவிட்டு, மேலே வரிசையாக நின்ற மரங்களைக் காட்டினார். நிழல் தருவதோடு, சதுப்புக்கு வரும் நீரையும் அவைதான் உறிஞ்சுகின்றன என்றார்.

வரைபடத்தை மாற்றினோம். சதுப்பைச் சுற்றியிருந்த சீகையை முதலில் எடுத்தோம். அதற்குப் பிறகுதான் சரிவு. நல்ல நிலையில் இருந்த புல்வெளியிலிருந்து தூர்களை எடுத்து, வேரோடு சிறு பிடிகளாகப் பிரித்து, மேல்தாளைக் கத்தரித்துவிட்டு, தென்மேற்குப் பருவமழையில் நட்டோம். எந்தத் தூரைப் பிரிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று சொன்னவர்கள் எருமை மேய்த்துப் பழகியவர்கள். எருமை எதை முதலில் கடிக்கும், எதை முற்றியபின் ஒதுக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

நெருப்பு விஷயத்தில் மட்டும் நீண்ட வாதம் நடந்தது. முன்பெல்லாம் காய்ந்த புல்லைக் கொளுத்தி, எருமைகளுக்குப் புதுத்தளிர் வரச் செய்வார்கள். வனச் சட்டங்கள் வந்தபின் அது நின்றுபோனது. அந்த வழக்கத்தில் ஞானம் இருந்தது என்றே நான் நம்புகிறேன். ஆனால் சீகை விதை நிறைந்த மண்ணில் தீ வைத்தால், அந்தச் சூட்டிலேயே விதை விழித்துக்கொள்ளும். முன்னோர் காலத்து மண்ணில் இந்த விதை இல்லை. நாங்கள் இதைச் சொன்னபோது பெரியவர்கள் உடனே ஏற்கவில்லை. ஓரிடத்தில் தற்செயலாகத் தீப்பிடித்த சரிவுக்குக் கூட்டிப்போய் முளைகளைக் காட்டினோம். "சரி, இது ஓயட்டும், பிறகு பேசலாம்" என்றார்கள். அந்தப் பேச்சு இன்னும் பாக்கி இருக்கிறது.

இப்போது எங்கள் படிவத்தில் வேறு கேள்விகள் இருக்கின்றன. கோடையில் சதுப்பில் நீர் எந்த மாதம்வரை நிற்கிறது? வேயத் தகுந்த தாள் எத்தனை கட்டு தேறும்? இரண்டையும் தோடர்களே பார்த்துச் சொல்கிறார்கள்.

ஆனால் புல் வளர்வது மட்டும் போதாது, அதை அறுக்கவும் விட வேண்டும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டின் சிறு விளைபொருட்களை எடுக்கப் பழங்குடிகளுக்கு உரிமை தருகிறது. இருந்தும் கோயில் வேலைக்குப் புல் அறுக்கப் போகிறவர்கள் தயங்கித் தயங்கியே போகிறார்கள். அவர்களின் அறிவை வாங்கிக்கொண்டு, அறுப்பதற்கு மட்டும் அனுமதிச் சீட்டு கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. அடுத்த சதுப்புக்கான திட்டத்தில் அறுப்பு உரிமையை முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறோம்.