கடைசி கரண்டு முடியுற வரைக்கும்

கேன்சர் டாக்டர்னு சொன்னாலே எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான், புதுசா ஏதாவது மருந்து வந்திருக்கா, வெளிநாட்டுல என்னமோ கண்டுபிடிச்சிட்டாங்களாமேன்னு. நான் தென்மாவட்டத்துல ஒரு அரசு கேன்சர் சென்டர்ல ரேடியேஷன் பாக்குற டாக்டர். கேன்சர் செல்ல அழிக்க கதிர் வைக்கிற இந்த ட்ரீட்மென்ட்டத்தான் எங்க பக்கம் கரண்டுன்னு சொல்வாங்க. என் நேரத்துல பெரும்பங்கு போறது ஆரம்பிச்ச ட்ரீட்மென்ட்ட நோயாளி நடுவுல விட்டுட்டு போயிராம பாத்துக்குறதுலதான். இத விட பெரிய வேலை இங்க எதுவும் இல்லன்னுதான் நான் நினைக்கிறேன், அதனாலதான் இத எழுதுறேன்.

எங்ககிட்ட வர்ற பொம்பளைங்கள்ல நிறைய பேருக்கு கர்ப்பப்பை வாய் கேன்சர். ஆலங்குளம், கடையம், முக்கூடல் பக்கம் பீடி சுத்துறவங்க, கோவில்பட்டி, சாத்தூர் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ் போறவங்க, காட்டு வேலைக்கு போறவங்க. நோய் கொஞ்சம் பரவி ஆபரேஷன் பண்ண முடியாத கட்டத்துலதான் பல பேர் வர்றாங்க, ஆனா அந்த கட்டத்துலயும் குணமாக்க வாய்ப்பிருக்கு, அத முதல்ல சொல்லிடுறேன். திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் தினமும் கரண்டு, அஞ்சு வாரத்துல 25 தடவை. கூடவே வாரம் ஒரு நாள் சிஸ்பிளாட்டின்ங்குற கேன்சர் மருந்து ஊசி. இந்த ஊசிய சேத்து குடுத்தா பிழைக்கிறவங்க கூடுறாங்கன்னு 1999ல பல ஆராய்ச்சி ஒண்ணா வந்து உறுதியாச்சு, அதுல இருந்து உலகம் பூரா இதுதான் முறை. மெஷின்ல வெளிய இருந்து வைக்கிற கரண்டு முடிஞ்சதும், கர்ப்பப்பை வாய்க்கு உள்ளயே வைக்கிற கரண்டு. எல்லாம் சேத்து 8 வாரத்துக்குள்ள முடிஞ்சாகணும்.

இந்த 8 வாரம்தான் எங்க எல்லாருக்கும் தலைவலி. மெஷின்ல படுக்குறது என்னமோ சில நிமிஷம்தான், ஆனா அதுக்கு விடியக்காலைல வீட்ட விட்டு கிளம்பி ரெண்டு பஸ் மாறி வந்து, உக்காந்து, திரும்பி ஊர் போய் சேர பொழுது அடைஞ்சிரும், அன்னைக்கு கூலி போச்சு, கூட வர்ற மகன் கூலியும் போச்சு. பொம்பளைங்களுக்கு பஸ் ஃப்ரீதானேன்னு கேப்பீங்க, அது டவுன் பஸ்ஸுக்குத்தான். தூரத்து ஊர்ல இருந்து வர்றவங்க காசு குடுத்துத்தான் வரணும். மருந்துக்கும் மெஷினுக்கும் முதலமைச்சர் காப்பீடு இருக்கு, பஸ்ஸுக்கும் சோத்துக்கும் யாரு இருக்கா?

இதுல மோசமான இடம் மூணாவது வாரம் முடியுறப்ப. அதுவரைக்கும் போயிட்டிருந்த ரத்தப்போக்கு நின்னுரும், இடுப்பு வலி குறையும், வெள்ளைப்படுறதும் நாத்தமும் போயிரும். மாசக்கணக்குல கஷ்டப்பட்டவங்களுக்கு அது பெரிய நிம்மதி, குணமாயிருச்சுன்னே நம்பிருவாங்க. ஒரு அக்கா, நல்ல உழைப்பாளி, என்கிட்ட வந்து "டாக்டரம்மா, எனக்கு இப்ப சொவமாத்தான் இருக்கு, ஊர்ல அம்மன் கோயில் கொடைத் திருவிழா, போயிட்டு பத்து நாள்ல வந்திருதேன்"னு சொல்றாங்க. ஆனா உள்ள நடக்குறது வேற. கரண்டுல சாகாம தப்பிச்ச கேன்சர் செல் மூணு நாலு வாரத்துக்கப்புறம் முன்ன விட வேகமா பெருக ஆரம்பிக்கும். விட்டுட்டு போற ஒவ்வொரு நாளும் அதுக்கு லாபம். 8 வாரத்த தாண்டி இழுக்குற ஒவ்வொரு நாளுக்கும் நோய் அடங்குற வாய்ப்பு ஏறக்குறைய 1 சதவீதம் குறையும்னு கணக்கு. பத்து நாள் கொடைன்னா நீங்களே பாத்துக்கோங்க. நோயாளிக்கு எப்ப ரொம்ப நல்லா இருக்குற மாதிரி தோணுதோ அப்பதான் நான் ரொம்ப பயப்படுறேன்.

அதனால இப்ப முதல் நாளே, ஸ்கேன் எடுக்குறதுக்கு முன்னாடியே கேட்டுருவேன், ஊர்ல கொடை எப்ப, வீட்ல கல்யாணம் காதுகுத்து ஏதும் இருக்கா, பங்குனி உத்திரத்துக்கு எந்த சாஸ்தா கோயிலுக்கு போவீங்கன்னு. எங்க பக்கம் உத்திரத்துக்கு குலசாமி கோயிலுக்கு போகாம இருக்க யாராலயும் முடியாது, போகாதேன்னு சொல்றதும் சரியில்ல, சாமி கும்பிட்டு வந்தாத்தான் அவங்களுக்கு தெம்பு. ஒரு நாள் போயிட்டு வரட்டும். விட்டுப்போன நாள சனிக்கிழமை வச்சு ஈடுகட்டலாம், இல்லன்னா ஒரே நாள்ல குறைஞ்சது 6 மணி நேரம் இடைவெளி விட்டு ரெண்டு தடவை குடுக்கலாம். மெஷின் ரிப்பேர் ஆனாலும், பொங்கல் லீவு வந்தாலும் இதே வழிதான். முன்கூட்டியே தெரிஞ்சா எல்லாத்துக்கும் வழி இருக்கு, சொல்லாம போயிட்டாத்தான் ஒண்ணும் பண்ண முடியாது.

வாய் கேன்சர், தொண்டை கேன்சர் ஆளுங்க கதை இதுக்கு நேர் எதிர். அவங்களுக்கு மூணாவது வாரத்துல இருந்து வாயெல்லாம் புண்ணாகி எச்சில் முழுங்கக்கூட முடியாது, வலி தாங்காம நின்னுருவாங்க. சாப்பாடு இறங்காம உடம்பு மெலிஞ்சா, கரண்டு வைக்கிறப்ப தலை அசையாம இருக்க முகத்துக்கு அளவெடுத்து செஞ்ச மாஸ்க் லூசாகி குறி தப்பிரும், மறுபடி ஸ்கேன், மறுபடி பிளான். மூக்கு வழியா டியூப் போடணும்னு சொன்னா வீடே அழும், கடைசி காலம்னு நினைச்சிருவாங்க. நாலஞ்சு வாரத்துக்கு சோறு போற வழி அது, அவ்வளவுதான், புண்ணு ஆறுனதும் எடுத்துருவோம். மார்ஃபின்ங்குற வலி மாத்திரையும் அப்படித்தான். சாகப்போறவங்களுக்கு குடுக்குறதுன்னு ஒரு நினைப்பு ஊர் பூரா இருக்கு. வலிக்கு அளவா குடுத்து, ட்ரீட்மென்ட் முடிய வச்சு, அப்புறம் படிப்படியா நிறுத்துன ஆளுங்க இன்னைக்கும் செக்கப்புக்கு வந்துட்டு போறாங்க.

முன்னாடியெல்லாம் எங்க பக்கத்து ஆளுங்களுக்கு கேன்சர்னா ஒண்ணு அடையாறு, 1954ல முத்துலட்சுமி ரெட்டி ஆரம்பிச்ச கேன்சர் இன்ஸ்டிடியூட், இல்லன்னா செங்கோட்டையத் தாண்டி திருவனந்தபுரத்துல ஆர்சிசிங்குற மண்டல கேன்சர் சென்டர், அது 1981ல வந்தது. ரெண்டும் எத்தனையோ பேர காப்பாத்துன இடம், ஆனா ரெண்டு மாசம் அங்க ரூம் எடுத்து தங்க எத்தனை குடும்பத்தால முடியும்? பக்கத்துலயே சென்டர் வேணும்னு சொல்றதுக்கு காரணமே இதுதான்.

சீக்கிரம் கண்டுபிடிச்சா இந்த 8 வாரப் பாடே இல்ல. இதுக்கு நம்ம திண்டுக்கல்லே சாட்சி. அங்க கிராமத்துல 30ல இருந்து 59 வயசு பொம்பளைங்களுக்கு நர்ஸுங்களே கர்ப்பப்பை வாயில அசிடிக் ஆசிட் தடவி பாக்குற சோதனைய ஒரே ஒரு தடவை பண்ணாங்க, அதுலயே கர்ப்பப்பை வாய் கேன்சர்ல சாகுறவங்க 35 சதவீதம் குறைஞ்சாங்கன்னு 2007ல லான்செட்ங்குற மருத்துவ பத்திரிகைல வந்துச்சு. ஆரம்ப சுகாதார நிலையத்துலயே இந்த சோதனை இருக்கு, வலிக்காது, சில நிமிஷம்தான். வீட்ல அம்மா, அக்கா, அத்தை இருந்தா கூட்டிட்டு போங்க.

வீட்ல யாருக்காவது கரண்டு வைக்கப்போறாங்கன்னா சில விஷயம். வாய், தொண்டைக்குன்னா முதல்ல பல் டாக்டர பாத்து சொத்தைப் பல்ல எடுத்துருங்க, கரண்டு வச்ச தாடையில அப்புறம் பல் புடுங்கினா எலும்பே அழுகுற ஆபத்து இருக்கு. ஆறவச்ச வெந்நீர்ல உப்பும் ஆப்பசோடாவும் போட்டு தினமும் பல தடவை கொப்புளிக்க சொல்லுங்க. ரயில்ல வர்றவங்க டாக்டர்கிட்ட கன்செஷன் ஃபார்ம்ல கையெழுத்து வாங்கிக்கோங்க, ஸ்லீப்பர்ல நோயாளிக்கு டிக்கெட் முழு சலுகை, கூட வர்ற ஒருத்தருக்கு 75 சதவீதம். இது தெரியாமலே எத்தனையோ பேர் முழு டிக்கெட் எடுத்து வந்துட்டிருக்காங்க. வர முடியாத நாள் வந்தா, காலைலயே வார்டுக்கு ஒரு போன் போட்டு சொல்லிருங்க, நாங்க திட்ட மாட்டோம், அந்த வாரத்துலயே எப்படி ஈடுகட்டுறதுன்னு உக்காந்து கணக்கு போட்டுருவோம்.