சோக்குப் பூசிய நாடா

புவியியல் மாஸ்டர் காலமான செய்தி வாட்ஸப்பில் வந்தபோது, இரங்கல் எழுதிய பலருக்கும் ஞாபகம் வந்தது அவருடைய பிரம்பு. பிரம்பைவிடக் கிணற்று நீர்மட்டம் அளக்கும் நாடாதான் எங்களை அதிகம் வதைத்தது.

நாடாவின் கடைசி மூன்றடிக்குச் சோக்குப் பூசி, நுனியில் ஈயக்குண்டு கட்டி, கிணற்றுக்கட்டில் ஒரு முழு அடிக் கோடு வந்து நிற்கும்வரை இறக்க வேண்டும். தூக்கி, இறக்கிய நீளத்திலிருந்து நனைந்த நீளத்தைக் கழித்தால் நீர்மட்டம். சுவரில் உரசினால் கசிவில் நனைந்து கணக்குப் பிழைக்கும். பம்ப் ஓடிய கிணற்றை அன்றைக்கு அளக்கவே விடமாட்டார்.

கெடுபிடிக்குக் காரணம் இருந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சுண்ணக்கல்லுக்குள் மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி இருக்கும். மேலே அரையடியை இழந்தால் காலப்போக்கில் கீழிருந்து 20 அடி உப்பு ஏறும். கையால் இறைக்கும் துலாவால் அவ்வளவு இறைக்க முடியாது, பம்பால் முடியும்.

உப்புச் சோதனைக்கான போத்தலை அதே கிணற்றுத் தண்ணீரால் மூன்று தரம் அலசியே நிரப்ப வேண்டும். அலசாத சோடாப் போத்தலோடு வந்தவனின் தண்ணீரை வகுப்பு முழுவதும் பார்க்க மண்ணில் ஊற்றி, உரும்பிராய்க்கே சைக்கிளில் திருப்பி அனுப்பினார். நாங்கள் சிரித்தோம். பாவம், அன்று நல்ல வெயில்.

ஆய்வுகூடத்தில் 100 மி.லீ. தண்ணீர், சில துளி பொற்றாசியம் குரோமேற்று, அளவியில், அதாவது துளித்துளியாக இறக்கும் கோடிட்ட குழாயில், 0.0282 செறிவு வெள்ளி நைத்திரேற்று. இறங்கும் ஒவ்வொரு மி.லீ.யும் லீற்றருக்கு 10 மி.கி. குளோரைட்டு, அதுதான் உப்பின் அடையாளம். மஞ்சள் மாறி இலேசான செங்கல் நிறம் நிலைத்த உடனே அளவியை மூட வேண்டும். நன்றாகச் சிவக்கட்டும் என்று காத்திருந்தால், இல்லாத உப்பெல்லாம் கணக்கில் ஏறிவிடும்.

மாரியில் வழுக்கையாறு. வேறு நாட்களில் அது ஆறென்று சொன்னால் வெளியூரான் நம்பமாட்டான். 10 மீற்றருக்கு இரண்டு கயிறு கட்டி, நடுவே தோடம்பழம் விட்டு, அது கடக்கும் நேரத்தைப் பார்ப்போம். பழம் பெரும்பாலும் மூழ்கியே மிதப்பதால் காற்றுத் தள்ளாது. புல்லில் சிக்கினால் மறுபடி. மேற்பரப்பு வேகத்தை 0.85 ஆல் பெருக்கி, குறுக்குவெட்டுப் பரப்பாலும் பெருக்கினால், அராலிப் பக்கம் கடல்நீரேரிக்கு வீணே போகிற தண்ணீரின் கணக்குக் கிடைக்கும்.

நைத்திரேற்றை அளக்க வசதி இருக்கவில்லை. வெங்காயத் தோட்டத்து யூரியாவும் மலக்குழி நீரும் கல்வெடிப்பால் நேரே கிணற்றுக்குள் போகும் என்பதைப் படம் கீறித்தான் காட்டினார்.

பழைய மாணவர் சங்கம் மண்டபத்துக்குக் காசு சேர்க்கிறது. அதில் கொஞ்சம் அளவிக்கும் நாடாவுக்கும் ஒதுக்கலாம். அளக்கப் பழகிய ஆட்களைத்தான் அனுப்ப முடியாது. அந்த வகுப்பில் பாதிப்பேர் இங்கே கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறோம்.