ஓவர்டைம் நின்ற மாதம்

துபாயில் ஒரு கட்டுமான கம்பெனியில் டைம் கீப்பராக இருந்தேன். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், எவ்வளவு நேரம் ஓவர்டைம் பார்த்தார்கள் என்று ஷீட்டில் ஏற்றுவதுதான் வேலை. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் திவாலானதை சைட்டில் யாரும் கண்டுகொள்ளவில்லை. அமெரிக்க வங்கிக்கும் நாங்கள் தங்கியிருந்த அல் கூஸ் தொழிலாளர் கேம்ப்புக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் அந்த நெருக்கடி துபாய் கட்டுமான வேலையையும் தொட, அந்த வருடக் கடைசியில் என் ஷீட்டில் ஓவர்டைம் கட்டங்கள் காலியாகத் தொடங்கின.

வேலை போகவில்லையே, சம்பளம் வருகிறதே என்று ஊரில் கேட்பார்கள். பேசிக் சம்பளம் மெஸ்ஸுக்கும் போன் கார்டுக்கும் சரியாகிவிடும். ஏஜென்ட்டுக்குக் கட்ட வாங்கிய கடனுக்கு வட்டி போவது ஓவர்டைம் காசில்தான். இதில் ஒரு வேடிக்கை: 2008 தொடக்கத்தில் 10 ரூபாய் சொச்சமாக இருந்த திர்ஹாம், 2009 மார்ச்சில் 14 ரூபாயைத் தொட்டது. இங்கே வருமானம் குறைந்தும் வீட்டுக்குப் போன ரூபாய் அவ்வளவாகக் குறையவில்லை. கொஞ்ச நாள் அங்கே யாருக்கும் விஷயமே தெரியாது.

அப்புறம் லாங் லீவ் வந்தது. சம்பளம் கிடையாது, கூப்பிட்டால் வரலாம். விசாவை கேன்சல் செய்தால் கிராஜுவிட்டியை, அதாவது பணிக்கொடையை, கணக்குப் பார்த்துக் கொடுத்தாக வேண்டும். லீவில் அனுப்பினால் அதைத் தள்ளிப்போடலாம். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் விசா தானாகவே செல்லாமல் போகும் என்பதை லீவில் போனவர்களிடம் யாரும் சொல்லவில்லை. சுத்த ஏமாற்று வேலை என்பேன்.

நெருக்கடி வந்தால் எல்லோரும் மூட்டை கட்டிவிடுவார்கள் என்று வெளியே பேச்சு. கடன்காரன் அவ்வளவு லேசில் கிளம்ப மாட்டான். ராமநாதபுரம் பக்கத்து ஷட்டரிங் கார்பெண்டர் (கான்கிரீட் போடப் பலகை அடிப்பவர்) ஒருவர் சொன்னார்: "தம்பி, ஊருக்குப் போனா வட்டிக்காரன் வாசல்ல நிப்பான். இங்கன்னா போன்லதான பேசுவான்." பலரும் அபுதாபிக்கு மாறப் பார்த்தார்கள். எண்ணெய்க் காசில் அங்கே வேலை ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அப்போது அதற்குக் கம்பெனி என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) தர வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் ஆறு மாதம் வேலை பார்க்கத் தடை.

அபுதாபிதான் கடைசியில் துபாய்க்கே கடன் கொடுத்தது. 2010 ஜனவரியில் புர்ஜ் துபாய் என்ற வானுயர்ந்த கட்டடத்தைத் திறந்தபோது, அபுதாபி ஆட்சியாளர் பெயரில் அது புர்ஜ் கலீஃபா ஆனது.

கார்பெண்டரையும் லாங் லீவில்தான் அனுப்பினார்கள். அந்த டிசம்பரில் கத்தாருக்குக் கால்பந்து உலகக் கோப்பையை நடத்தும் வாய்ப்பு கிடைத்த கையோடு போன் செய்தார். தோஹாவுக்கு ஆள் எடுக்கிறார்களாம். விசா நல்லதா என்று விசாரிக்கச் சொன்னார். ஏஜென்ட்டுக்கு மறுபடி பணம் கட்ட வேண்டும், பழைய கடனே பாதி நிற்கிறது என்றார்.