அம்மாவின் 23,460

அம்மா என்னோடு பேசி இரண்டு நாளாகிறது. காரணம் ஒரு பிளக்.

ராத்திரி படுக்கும் முன் வீட்டில் எரிகிற எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போவது என் குணம். தலையில் குட்டிக் குட்டி அதைப் பழக்கியதே அம்மாதான். அந்தப் பழக்கத்தில் முன்னறையில் நிற்கும் ஆர்கேட் பெட்டியின், அதாவது காசு போட்டு நின்றுகொண்டே ஆடும் பழைய வீடியோ கேம் பெட்டியின், பிளக்கையும் பிடுங்கிவிட்டேன். காலையில் அம்மா போட்டுப் பார்த்தால் ஹை ஸ்கோர் இடம் காலி. முந்தின நாள் சாயங்காலம் அங்கே 23,460 இருந்தது.

"என் மார்க் எங்கடா?"

அதில் அம்மா ஆடுவது பேக்மேன்; பேய்கள் துரத்த, ஒரு மஞ்சள் ஆசாமி சந்து சந்தாக ஓடிப் புள்ளிகளைத் தின்னும், 1980-இல் வந்த ஆட்டம். அதன் ஞாபகசக்தி அவ்வளவுதான். கரண்ட் போனால் ஹை ஸ்கோரும் போச்சு. நான் போட்டிருக்கும் எமுலேட்டர், பழைய ஆட்டங்களை இன்றைய கம்ப்யூட்டரில் ஓட்டும் மென்பொருள், அந்தக் காலத்து சர்க்யூட் பலகை எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே நடக்கும், மறதி உட்பட. ஸ்கோரைச் சேமிக்கத் தனியாக ஒரு பிளகின், அதாவது ஒட்டு மென்பொருள், உண்டு, நான்தான் போடவில்லை. இதையெல்லாம் பொறுமையாக விளக்கினேன். "எட்டு மாசமா அதுக்குள்ள தலையை விட்டுக்கிட்டு இருந்தியே, இதைக்கூடச் செய்யலையா?" என்றார். கடைசியாகப் பேசியது அதுதான்.

இந்தப் பெட்டி வீட்டுக்குள் வந்த அன்று இதே அம்மா சொன்னது வேறு. ஆறடி உயரம், நூறு கிலோவுக்கு மேல், நான்கு பேர் தூக்கி வந்து வாசல் நிலையில் பாதி உள்ளே பாதி வெளியே மாட்டிக்கொண்டு நின்றோம். வெளியே போனவர்கள் உள்ளே வர முடியவில்லை, உள்ளே இருந்தவர்கள் வெளியே போக முடியவில்லை. கடைசியில் கதவைக் கழற்றினோம். அம்மா சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பீரோன்னா பூட்டு எங்கே?" என்றார். காசு போடும் சின்னக் கதவைக் காட்டினேன். அதற்குள் எத்தனை புடவை வைக்கலாம் என்று கேட்டார்.

அடிப்பலகை ஈரம் குடித்து உப்பி, கையில் அப்பளமாக நொறுங்கியது. புதிய பலகை வெட்டினேன். பக்கவாட்டுக் கறுப்பு பெயின்ட்டை 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்தால் உள்ளே நீலம், நீலத்தைத் தேய்த்தால் அடியில் மஞ்சள். ஏற்கெனவே இரண்டு முறை வேடம் மாறிய பெட்டி. இடையில் யாரோ ஒரு புண்ணியவான் உள்ளே ஆட்டப் பலகைகளை மாற்றி மாற்றி மாட்ட உதவும் 56 முனை ஜாமா வயரிங்கையும் போட்டு, கைப்பலகையில் ஆறு பட்டனுக்கு ஓட்டையும் போட்டிருந்தார். பேக்மேனுக்கு ஆட பட்டனே தேவையில்லை, ஒரு ஜாய்ஸ்டிக் போதும். அந்த ஓட்டைகளை அடைக்க மட்டும் மூன்று ஞாயிற்றுக்கிழமை. விளிம்பைச் சுற்றி வரும் டி மோல்டிங் பட்டையை ரப்பர் சுத்தியால் தட்டி இறக்கிய அன்று பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, என் மனைவியிடம்தான் தனியாக ஏதோ கேட்டார்.

அப்புறம் பிக்சர் டியூப். இந்த டியூப்புக்குள் 20,000 வோல்ட் அளவுக்கு ஏறும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மிச்சம் உள்ளே உட்கார்ந்திருக்கும். ஸ்க்ரூ டிரைவரில் ஒரு வயரைக் கட்டி, மறுமுனையை இரும்புச் சட்டத்தில் மாட்டி, டியூப்பின் முதுகில் இருக்கும் ரப்பர் மூடிக்கு அடியில் செருக வேண்டும். மறு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும், மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகாமல் இருக்க. நான் அந்தக் கோலத்தில் நின்றபோது மனைவி துடைப்பக் கட்டையோடு வாசலில் காவல் நின்றாள். செருகப் போகும் நேரம் பார்த்து, "பேங்க் பாஸ்வேர்டெல்லாம் எங்கே எழுதி வச்சிருக்கீங்க?" என்றாள். 'டப்' என்று ஒரு சத்தம். பயந்து துள்ளியது நான் மட்டும்தான்.

டியூப்புக்கு உயிர் இருந்தது. ஆனால் திரையில் கோடு கோடாகப் படம் வரையும் வேகம் அதற்கு 15 கிலோஹெர்ட்ஸ்தான் ஒத்துவரும், கம்ப்யூட்டர் அனுப்புவதோ 31. நடுவில் ஒரு கார்டு வைத்து, ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டரைக் கோத்து, உள்ளே நூற்றுக்கணக்கான ஆட்டங்களை ஏற்றினேன். இனி இந்த ஒரு பெட்டியில் ஒரு யுகமே அடக்கம் என்று குடும்பத்தைக் கூட்டி வைத்துப் பேசினேன்.

போட்டவுடன் மகள் கேட்டாள். "அப்பா, அந்தக் கோடெல்லாம் என்ன?"

வருஷக்கணக்கில் ஒரே ஆட்டம் ஓடியதில் பேக்மேனின் பாதைகள் திரையிலேயே எரிந்து பதிந்திருந்தன. அணைத்தாலும் தெரிந்தன. விண்கலம் பறந்தால் அந்தச் சந்துக்குள் பறந்தது. சண்டைக்காரர்கள் அந்தச் சந்துக்குள் நின்று அடித்துக்கொண்டார்கள். கார் ரேஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். போதாக்குறைக்கு இது நிமிர்த்தி வைத்த திரை. அகலமான ஆட்டங்களெல்லாம் நடுவில் ஒரு துண்டாக வந்து நின்றன. நூற்றுக்கணக்கில் ஏற்றியும் திரை ஒன்றைத்தான் காட்டுவேன் என்றது. சரி என்று தோற்றுப்போய், எரிந்த கோட்டின் மேல் ஓடுகிற கோடு சரியாக உட்காரும்படி மூன்று ராத்திரி திருகித் திருகிப் பொருத்தினேன். அதில் அவ்வளவு அழகாகத் தெரிந்தது என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

அம்மா ஆட வந்தது தூசி துடைக்கும் சாக்கில். முதல் நாளே, "இது திரும்ப மாட்டேங்குது" என்றார். வயசாயிடுச்சும்மா, கை நிதானப்படணும் என்று நான் சொன்னது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். நான் மாட்டியிருந்தது எட்டுத் திசை ஜாய்ஸ்டிக். பேக்மேனுக்கு நான்கு திசை போதும்; எட்டாக இருந்தால் முனையில் திருப்பும்போது குறுக்கே சாய்ந்து இரண்டு சுவிட்ச்சும் சேர்ந்து அழுந்தும், மஞ்சள் ஆசாமி குழம்பிப்போவான். ஒரு வாரம் கழித்து நானே ஆடித் தோற்றபோதுதான் உறைத்தது. அடியில் இருந்த தகட்டைக் கழற்றித் திருப்பிப் போட்டேன், அம்மா தூங்கும்போது. மறுநாள் பத்தாயிரம் தாண்டி ஓர் உயிர் கூடுதலாக வாங்கினார். "கை நிதானப்பட்டுடுச்சு" என்றார், என் முகத்தைப் பார்த்தே.

பேய்களின் குணங்களைப் பற்றி நான் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன். ஆரஞ்சுப் பேய் எட்டுக் கட்டத்துக்குள் நெருங்கினால் துரத்துவதை விட்டுத் தன் மூலைக்குத் திரும்பும். பக்கவாட்டுச் சுரங்கத்தில் எல்லாப் பேய்க்கும் வேகம் குறையும். அம்மா ஒன்றும் படிக்கவில்லை. "அந்த ஆரஞ்சு சும்மா வாய்ச்சவடால், கிட்ட வந்தா ஓடிடும்" என்றார். "அந்த ஓட்டைக்குள்ள போயிட்டா இதுங்களுக்கு மூச்சு வாங்குது" என்றார். நான் இரண்டு வாரம் படித்ததை நான்கு நாளில் முடித்துவிட்டார்.

இன்று காலை ஒரு சமாதான முயற்சியாக அந்த பிளகினைப் போடலாம் என்று போனேன். பெட்டியின் பக்கவாட்டில், ஆறு கோட்டிங் அடித்துத் தேய்த்து முகம் பார்க்கும் அளவுக்கு மெருகேற்றிய மஞ்சளில், பென்சிலால் எழுதியிருந்தது: அம்மா 23,460. கீழே மகள் 9,870. அதற்கும் கீழே மனைவி 11,240, வரிசை தப்பி. என் பெயரும் இருந்தது. அதற்கு நேரே ஒன்றுமில்லை.

அழிரப்பரை எடுத்துக்கொண்டு வந்தேன். கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு ஆட உட்கார்ந்தேன். பதினோரு மணிக்கு, வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், 24,110. கை நடுங்க என் பெயருக்கு நேரே எழுதினேன்.

மத்தியானம் தூங்கி எழுந்து வந்து பார்த்தேன். அதன் பக்கத்தில் அம்மாவின் கையெழுத்தில் ஒரு கேள்விக்குறி.