சன்னலோரம் வைத்த நீலக் கம்பளி

பருத்தி பனியனுக்குப் பேர்போன திருப்பூரில், துணிச் சோதனைக்கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த எனக்கு முதல் வாரத்திலேயே கையில் கொடுத்தது கம்பளித் துணி. வெவ்வேறு நீலச் சாயங்கள் ஏற்றி, 1 முதல் 8 வரை எண்ணிட்ட எட்டுத் துண்டுகள். 1 மிக விரைவில் வெளுக்கும், 8 எளிதில் வெளுக்காது. ஒவ்வொன்றும் தனக்கு முந்தையதைவிட ஏறக்குறைய இரு மடங்கு நேரம் வெளிச்சத்தைத் தாங்கும் என்பதால், 1க்கும் 8க்கும் உள்ள வேறுபாடு நூறு மடங்கைத் தாண்டும். எந்தத் துணியானாலும் ஐ.எஸ்.ஓ. 105-பி02 என்ற சர்வதேசத் தர முறைப்படி அதன் லைட் ஃபாஸ்ட்னஸை, அதாவது வெளிச்சத்தில் நிறம் வெளுக்காமல் தாங்கும் திறனை, இந்தக் கம்பளியோடு ஒப்பிட்டே சொல்கிறோம்; எந்தத் துண்டைப்போல் வெளுக்கிறதோ அதன் எண்ணே மதிப்பெண்.

சாம்பிளையும் கம்பளித் துண்டுகளையும் அட்டையில் ஒட்டி, ஒரு பகுதியை மறைத்து, பகல் வெளிச்சத்தை ஒத்த ஒளி தரும் செனான் விளக்கின் கீழ் வைப்போம். எடுத்தவுடன் மதிப்பிடக் கூடாது. சில சாயங்கள் வெளிச்சத்தில் தற்காலிகமாக நிறம் மாறி இருட்டில் பழைய நிலைக்குத் திரும்பும் என்பதால், ஒரு நாள் இருட்டில் வைத்த பிறகே பார்ப்போம்.

ஒரு முறை, இளநீலத் துணி ஒன்றுக்கு 3 என்று அறிக்கை கொடுத்தேன். வாங்குபவர் கேட்டிருந்ததோ 4. சாயப்பட்டறைக்காரர் நேரில் வந்து, "தம்பி, இதே சாயத்துல அடர் ஷேட் போன மாசம் பாஸ் ஆச்சே" என்றார். அது மட்டும் வாதமாகாது. சாய மூலக்கூறுகளை வெளிச்சம் சிதைக்கும்போது, சாயம் குறைவாக உள்ள வெளிர் ஷேட்டில்தான் இழப்பு முதலில் கண்ணில் படும். ஒரே சாயம் இரண்டு மதிப்பெண் வாங்குவது வழக்கம்தான். இதை அவரிடம் சற்று மிடுக்காகவே விளக்கினேன்.

தவறு வேறிடத்தில் இருந்தது. நான் பயன்படுத்திய கம்பளிக் கட்டு, உறை பிரிந்து, பல வாரங்கள் சன்னலோர மேசையில் கிடந்திருக்கிறது. ஏற்கெனவே வெளுத்துவிட்ட 4ஆம் துண்டில் மறைத்த பகுதிக்கும் மறைக்காத பகுதிக்கும் வேறுபாடு குறைவாகத் தெரிய, அதன் அருகில் சாம்பிள் அதிகம் வெளுத்ததுபோல் தோன்றியது. புதிய கட்டோடு மறுபடி சோதித்தபோது 4 வந்தது. அறிக்கையைத் திருத்தி, அவரிடம் மன்னிப்பும் கேட்டேன்.

இப்போது கட்டுகள் கறுப்பு உறையில், பிரித்த தேதியோடு, இழுப்பறைக்குள் இருக்கின்றன. அந்தப் பழைய கட்டை மட்டும் நான் தூக்கிப் போடவில்லை. மேல் துண்டில் குறுக்கே ஒரு நேர்கோடு: மேசையில் அதன்மேல் சரிந்து கிடந்த பதிவேட்டின் விளிம்பு அது.