ஃப்யோதரஃப்

எங்களுக்கு ரஷ்யன் படிப்பிச்ச டீச்சர் மோசம் போயிட்டா எண்டு போன மாசம் எங்கட வாட்ஸ்அப் குரூப்பில செய்தி வந்துது. அண்டு முழுக்க ஒரே ஒரு பேர்தான் எனக்கு வாய்க்குள்ள ஓடிக்கொண்டிருந்தது.

1984 மாரி, சோவியத்தில பொத்ஃபாக், மூலை வகுப்பு. காலமை கெஃபிர் எண்ட புளிச்ச பாலைக் குடிச்சிட்டு ஓடிப்போய் இருந்த உங்களுக்கு விளக்கத் தேவையில்லை, மற்றாக்களுக்கு எண்டா யூனிவர்சிட்டிக்கு முந்தி வெளிநாட்டுப் பெடியள் ரஷ்யன் படிக்கிற இடம். 1564ல மொஸ்கோவில 'அப்போஸ்தல்' எண்ட வேதப் புத்தகத்தை அச்சடிச்ச இவான் ஃப்யோதரஃப் பற்றின பாடம், என்னை எழுப்பி வாசிக்கச் சொன்னா. முன்னுக்கும் ஃப, பின்னுக்கும் ஃப. நான் 'பியோதரப்' எண்டன். திரும்ப எண்டா. திரும்பவும் அதேதான் வந்துது. எத்தினை தரமெண்டு தெரியாது, வகுப்பு முழுக்கச் சிரிச்சுது, காது ரெண்டும் சுட்டுது.

எல்லாரும் ஸ்தலோவயாவுக்கு, சாப்பாட்டுக் கன்டீனுக்குப் போக என்னை மறிச்சு, கொப்பியில ஒரு கீலம் கிழிச்சு என்ர வாய்க்கு முன்னால பிடிச்சா. மேல்பல்லு கீழ்ச்சொண்டில முட்டோணும், கடதாசி ஒருக்காத் துள்ளினா அது ப, நடுங்கிக்கொண்டே நிண்டாத்தான் ஃப. ஒரு கிழமை பிடிச்சுது. ஃப்யோதரஃப் எண்டா ஃப்யோதரின்ர பிள்ளை எண்டு அப்பதான் சொல்லித் தந்தவ. எங்களுக்குக் குடும்பப்பேர் இல்லாததால ஃபமீலியா எண்ட கட்டத்தில அப்பான்ர பேரைத்தானே எழுதிக் குடுத்தனாங்கள், வருசம் முழுக்க அவ என்னை அப்பான்ர பேராலதான் கூப்பிட்டவ, அதில இருந்த ழகரத்தை விடாமல் சொல்லிப் பழகினவ.

ஒரு ஞாயிறு மொஸ்கோவில தியெத்ஸ்கி மீர் எண்ட பிள்ளையளின்ர கடைப் பக்கம் நிக்கிற இவான் ஃப்யோதரஃபின்ர சிலையடிக்குக் கூட்டிக்கொண்டு போனா. அச்சடிச்ச தாளைக் கையில தூக்கிப் பார்த்துக்கொண்டு நிக்கிறார், தாளில பனி. மொஸ்கோவை விட்டு வெளிக்கிட வேண்டி வந்து, 1574ல இப்ப உக்ரேனில இருக்கிற லிவோவில அரிச்சுவடி அச்சடிச்சு, 1583ல அங்கயே செத்துப்போனவராம்.

மெடிசின் படிச்ச எங்கட ஆக்களுக்கு அந்தப் பேர் எண்டா கண் டொக்டர் ஸ்வியாதஸ்லாவ்தான், நோயாளியைக் கட்டிலோட கன்வேயரில நகர்த்தி ஒவ்வொரு டொக்டரும் ஒவ்வொரு கட்டம் செய்யிற ஒப்பரேசன். இங்க கனடாவில எண்டா ஐஸ் ஹொக்கி. ப்ஸ்கோவில பிறந்த செர்கேய், 1990 ஆடியில அமெரிக்காவுக்கு விளையாட வந்த சோவியத் ரீமை விட்டிட்டு டெட்ரோயிட்டுக்குப் போனவர், 1994ல அந்த லீக்கின்ர சிறந்த ஆட்டக்காரனுக்குக் குடுக்கிற ஹார்ட் ட்ரோஃபி, 1997ல சாம்பியன் ரீமுக்குக் குடுக்கிற ஸ்டான்லி கப். டீவியில 'ஃபெடரோவ்' எண்டுவினம், 'யோ' எண்ட ரஷ்ய எழுத்துக்கு மேல இருந்த ரெண்டு புள்ளியும் கடல் தாண்டேக்க விழுந்துபோச்சு. நான் ஒவ்வொருக்காலும் திருத்திச் சொல்லுவன், கேட்டுக் கேட்டு மகனும் சரியாச் சொல்லப் பழகிட்டான்.

இன்னொரு ஃப்யோதரஃப் நிகலாய், 1903ல செத்த லைப்ரேரியன், காகரின் எண்ட பிரபுவுக்குப் பிறந்தும் தகப்பன்ர பேர் கிடைக்காதவர். செத்த முன்னோர் எல்லாரையும் விஞ்ஞானத்தால திரும்ப எழுப்புறதுதான் மனுசரின்ர பொது வேலை எண்டு எழுதினவர். டீச்சர் அதைச் சொல்லேக்க எனக்கு இருபது வயசு, பிடிபடேல்ல. போன மாசம் முழு இரவும் அதை யோசிச்சுக்கொண்டு கிடந்தன்.

அதே 1990 ஆடியிலதான் நானும் வெளிக்கிட்டனான். டீச்சருக்குச் சொல்லேல்ல. ஒப்ஷெஜித்யே, எங்கட ஹொஸ்டல் வாசலில டெலிபோன் பெட்டி இருந்தது, அவவின்ர நம்பர் பாடம், பொக்கற்றுக்குள்ள கோல் எடுக்க ரெண்டு கோப்பெக் குத்தியும் கிடந்தது. அது இப்பவும் என்ர மேசை லாச்சியில கிடக்கு.